குதிரைப்படையின் கொல்லர்கள்



ஸ்ரீபெரும்புதூரை அடுத்து மண்ணூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏரியும் கழனியுமாக விளங்கிய அவ்வட்டாரத்தைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள் எழுந்து நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். அவற்றுக்கு வேண்டிய உறுப்புகளைச் சிறிதும் பெரிதுமான பல ஆலைகள் வடித்துக் கொடுக்கின்றன. விடியற்காலையில் மண்ணூர்ச் சாலையில் நிற்பவர், இரவு முறை முடிந்து திரும்புவோரை ஏற்றிய பேருந்துகளும், பகல் முறைக்குச் செல்வோரை ஏற்றிய பேருந்துகளும் ஒன்றையொன்று கடந்து செல்வதைக் காணலாம்.

சென்ற ஆண்டு அச்சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். இந்திய இராணுவத்தில் 24 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்று, இப்பொழுது ஓர் ஆலையில் பயிற்சித் தொழிலாளர்களுக்கு வேலை கற்பித்து வருகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பேருந்து கிளம்பிற்று. அவர் பேச்சை நிறுத்திச் செவி சாய்த்தார். "ஒரு இன்ஜெக்டர் சரியாக அடிக்கவில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

அவரைக் கண்டதும் எனக்கு 1990-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவர் படையில் சேர்ந்த செய்தி கேட்டு, அவருடைய தாயார் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் முன் நின்று அழுதார். நான் அப்பொழுது இளம் ஆசிரியன். ஆறுதல் சொல்ல வேண்டும் என்னும் ஆர்வத்தில், "அம்மா, கவலைப்படாதீர்கள். உங்கள் பிள்ளை சண்டைக்குப் போகவில்லை, பட்டறைக்குத்தான் போகிறான்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிச் சென்றார்.

மாணவர்களின் வாக்கியப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்துவதே நாற்பது ஆண்டுகளாக என் தொழில். நான் அன்று சொன்ன வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன என்பதை மிகப் பிந்தியே உணர்ந்தேன். அவற்றைத் திருத்துவதே இன்றைய பேச்சின் நோக்கம். அதற்காக, குதிரைப்படை எனப்படும் கவசப்படையின் வண்டிகளை ஓட வைப்பவர் யார், அவர் எப்படி வேலை செய்கிறார் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். குதிரையே இல்லாத படைக்குக் குதிரைப்படை என்று ஏன் பெயர்? இன்று டாங்கிகளில் ஏறிப் போரிடும் பழைய ரெஜிமெண்டுகள் பல, ஒரு காலத்தில் குதிரை ஏறிப் போரிட்டவையே. இந்தியக் கவசப்படையில் மிகப் பழமையானதாகிய 16-ஆம் இலகு குதிரைப்படை, நம் ஆர்க்காட்டு நவாபின் குதிரை வீரர்களிலிருந்து தோன்றியது. 7-ஆம் இலகு குதிரைப்படையும் 1784-இல் மதராஸ் குதிரைப்படையின் ஓர் அணியாகத் தொடங்கியதே. 1938 முதல் இந்தியக் குதிரைப்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகளை விட்டு மோட்டார் வண்டிகளுக்கு மாறின. குதிரைகள் போயின, பெயரும் மரபும் நின்றுவிட்டன.

குதிரை இருந்த காலத்தில் ஒவ்வொரு படையுடனும் லாடம் அடிக்கும் கொல்லர்கள் சென்றார்கள். ஒரு லாடம் கழன்றால் குதிரை நொண்டும். குதிரை நொண்டினால் அதன்மேல் இருந்த வீரன் காலாள் ஆகிவிடுவான். எனவே கொல்லனின் சுத்தியல் வீரனின் வாளுக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று என்பதைப் பழைய தளபதிகள் நன்கு அறிந்திருந்தார்கள். இன்றைய கவசப்படைக்கும் அத்தகைய கொல்லர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய லாடம் ஆயிரம் உறுப்புகளாகப் பெருகிவிட்டது, அவ்வளவே வேறுபாடு.

இனி ஒரு கணக்குப் போடுவோம். நம் கவச ரெஜிமெண்ட் ஒன்றில் வழக்கமாக 45 டாங்கிகள் இருக்கும். ஒரு ஸ்குவாட்ரனுக்கு 14 வீதம் மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு 42, தலைமையகத்துக்கு 3. இந்த 45 டாங்கிகளும் நீண்ட பயணம் புறப்படுகின்றன என்று கொள்வோம். நாள்தோறும், ஓடுகின்றவற்றில் பத்தில் ஒரு பங்கு பழுதாகி நிற்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பகைவன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவரும் இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் மாலையில் எஞ்சுபவை ஏறத்தாழ 27. அன்றன்று பழுதானவற்றில் மூன்றில் இரண்டை இரவுக்குள் செப்பனிட்டுவிட்டால் எஞ்சுபவை 38. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 11 டாங்கிகள். அதாவது ஒரு ஸ்குவாட்ரனுக்குச் சற்றுக் குறைவு. இது நான் போட்ட கற்பனைக் கணக்குத்தான். ஆனால் படையின் வலிமையை எண்ணுகிறவர், இருக்கும் டாங்கிகளை எண்ணுவதில்லை. ஓடும் டாங்கிகளையே எண்ணுகிறார் என்பது கற்பனையன்று.

இந்த உண்மையை உலகம் அரிய விலை கொடுத்துக் கற்றது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், களத்தில் நின்றுபோன டாங்கிகளை இரவோடிரவாக இழுத்துச் சென்று, செப்பனிட்டு, மீண்டும் போருக்கு அனுப்புவதில் ஜெர்மானியர் தேர்ந்திருந்தனர். பிரிட்டிஷ் படையிலோ பழுது பார்க்கும் பொறுப்பு பல துறைகளிடையே சிதறிக் கிடந்தது. திறமையுள்ள தொழிலாளர்கள் படைகளில் உரியவாறு பயன்படுத்தப்படுகின்றனரா என்று ஆராய வில்லியம் பெவரிட்ஜ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பயனாக 1942 அக்டோபர் முதல் நாள் பிரிட்டனில் இதற்கெனத் தனிப் படைப்பிரிவு தோன்றியது. மறு ஆண்டு, 1943-இல், இந்தியாவிலும் அத்தகைய படைப்பிரிவு அமைக்கப்பட்டது. அதுவே இன்று மின்னணு இயந்திரப் பொறியாளர் படை எனப்படுகிறது. சுருக்கமாக ஈ.எம்.ஈ. என்பார்கள். அக்டோபர் 15-ஆம் நாளை அது தன் தோற்ற நாளாகக் கொண்டாடுகிறது. 'கர்ம் ஹி தர்ம்' என்பது அதன் குறிக்கோள் மொழி. செயலே அறம் என்பது பொருள். இப்படையின் சாதாரண வீரனுக்குச் சிப்பாய் என்று பெயரில்லை. 'கிராஃப்ட்ஸ்மேன்', அதாவது கைவினைஞன் என்பதே அவனுடைய பதவிப் பெயர்.

அவர்கள் வேலை செய்யும் முறையை மருத்துவத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். காய்ச்சல் கண்டவுடன் வீட்டில் பத்தியம் இருக்கிறோம். தீராவிட்டால் ஊர் மருத்துவரிடம் செல்கிறோம். அதற்கும் மிஞ்சினால் தாலுகா மருத்துவமனை. அறுவைக்குச் சென்னைப் பெரிய மருத்துவமனை. டாங்கிக்கும் இப்படியே நான்கு படிகள். முதற்படி டாங்கியில் செல்லும் வீரர்களே. எண்ணெய், தண்ணீர், பாட்டரி, சங்கிலிப்பட்டையின் இறுக்கம் ஆகியவற்றை நாள்தோறும் அவர்கள் பார்க்க வேண்டும். இரண்டாம் படி, ரெஜிமெண்டுடனேயே இருக்கும் சிறு பழுதுநீக்கும் பிரிவு. இதனை 'லைட் எய்டு டிடாச்மெண்ட்' என்றும், சுருக்கி எல்.ஏ.டி. என்றும் அழைப்பர். மூன்றாம் படி, சற்றுப் பின்னால் இருக்கும் களப் பட்டறை. நான்காம் படி, புணேயை அடுத்த கிர்க்கி, தில்லி முதலிய இடங்களில் உள்ள பெரிய தளப் பட்டறைகள். அங்கே ஒரு டாங்கியை ஆணி ஆணியாகக் கழற்றிப் புதிதுபோல் ஆக்கி அனுப்புவார்கள்.

இவற்றுள் நம் கவனத்துக்கு உரியது இரண்டாம் படி. எல்.ஏ.டி.யில் எஞ்சின் மெக்கானிக், மின்வேலையாளர், பீரங்கி பழுது பார்ப்பவர், வானொலிக் கருவி பழுது பார்ப்பவர், வெல்டர் ஆகியோர் ஓர் அதிகாரியின்கீழ் இருப்பார்கள். சேற்றில் அகப்பட்ட டாங்கியை இழுக்கும் மீட்பு வண்டியும் உண்டு. ரெஜிமெண்ட் எங்கே செல்கிறதோ அங்கே இவர்களும் செல்வார்கள். பழுதான வண்டி தன்னிடம் வரும் என்று இவர்கள் காத்திருப்பதில்லை. வண்டி நின்ற இடத்துக்குத் தாமே செல்ல வேண்டும். எவ்வளவு முன்னால் செப்பனிட இயலுமோ அவ்வளவு முன்னால் செப்பனிடுவது என்பதே இவர்களின் முதல் விதி. நின்ற இடம் குண்டு விழும் இடமானாலும் விதி மாறாது.

இதோ என் முதற்பிழை. 'சண்டைக்கு அன்று, பட்டறைக்கு' என்றேன் அல்லவா? அவர்களுடைய பட்டறை சண்டைக்குள்ளேயே நடக்கிறது. டாங்கிக்குள் இருப்பவனுக்காவது நாற்புறமும் இரும்புச் சுவர் இருக்கிறது. அதன் சக்கரத்தருகே ஸ்பானருடன் மண்டியிட்டிருப்பவனுக்கு அதுவும் இல்லை.

இனி, டாங்கி ஏன் பழுதாகிறது என்பதைப் பார்ப்போம். என் மாணவர் பணி செய்த ரெஜிமெண்டில் டி-72 வகை டாங்கிகள் இருந்தன. அதன் எடை ஏறக்குறைய 41 டன். அதனைத் தள்ளுவது பன்னிரண்டு சிலிண்டர்களும் 780 குதிரைத்திறனும் கொண்ட டீசல் எஞ்சின். அதில் செல்பவர்கள் மூவர். இவ்வளவு பெரிய இயந்திரத்தின் பெரும்பகைவன் எது தெரியுமா? தூசி. பாலைவன மணலில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் கல்லின் பொடி. அது இரும்பைத் தேய்க்கக்கூடிய கடினமுள்ளது. வடிகட்டப்படாத காற்று எஞ்சினுக்குள் புகுந்தால், சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போலாகும். ஆகவே காற்று வடிகட்டியைக் குறித்த மணிக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

அடுத்தது சங்கிலிப்பட்டை. ஒரு பக்கத்துப் பட்டையில் ஏறக்குறைய நூறு கண்ணிகள் உண்டு. கண்ணியும் கண்ணியும் சேருமிடத்தில் ஓர் ஊசி. ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் அது கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் நூறு அரை மில்லிமீட்டர் சேர்ந்தால் ஐந்து சென்டிமீட்டர். பட்டை அவ்வளவு நீண்டு தொய்ந்துவிடும். தொய்ந்த பட்டை, வண்டி விரைந்து திரும்பும்போது சக்கரத்தைவிட்டு நழுவிக் கழன்றுவிடும். கழன்றால், 41 டன் இரும்பு நட்டநடுக் களத்தில் அசையாத இலக்காகி நிற்கும். சிறு தேய்வுகளைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தவனே நல்ல மெக்கானிக் என்று என் மாணவர் சொன்னார். நல்ல மாணவனுக்கும் அவ்விலக்கணம் பொருந்தும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் அவர் சொன்னார். ராஜஸ்தானத்தில் ஒரு பயிற்சி. நள்ளிரவு. விளக்குப் போடக் கூடாது என்பது கட்டளை. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து பூட்டிவிட்டு, அதிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயின் இறுக்குப்பட்டையைக் கைத்தடவலாகவே முடுக்கி, "முடிந்தது" என்றார். மூத்த ஹவில்தார் ஒருவர் வந்து, பட்டையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "கழற்று" என்றார். கழற்றிப் பார்த்தால், பட்டை குழாயின் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு பக்கம் மெல்லிய இடைவெளி. அவ்விடைவெளி வழியே சில மணி நேரம் தூசி புகுந்திருந்தால் எஞ்சின் பாழாகியிருக்கும். ஹவில்தார் திட்டவில்லையாம். "நீ முடிந்தது என்று சொன்னதை நம்பி மூன்று பேர் உள்ளே உட்காரப் போகிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

"அன்று முதல் நான் ஒரு வேலையை முடித்தால் இரண்டு முறை தொட்டுப் பார்ப்பேன், ஐயா. ஒன்று என் கைக்கு, மற்றொன்று அந்த மூன்று பேருக்கு" என்றார் அவர்.

2001 டிசம்பர் முதல் ஏறத்தாழ பத்து மாதம் நம் படைகள் மேற்கு எல்லையில் திரண்டு நின்றன. அது 'பராக்கிரம்' நடவடிக்கை எனப்பட்டது. போர் மூளவில்லை. ஆனால் எந்த நாளும் மூளலாம் என்ற நிலையில் டாங்கிகள் எந்த நேரமும் ஓடத் தயாராக இருக்க வேண்டும். என் மாணவரும் அந்தக் கோடையைப் பாலைவனத்தில் கழித்தார். நண்பகலில் டாங்கியின் இரும்பைத் தொட இயலாது. எனவே இரவில்தான் பெரும்பாலான வேலை. களத்தில் எந்த உறுப்பையும் உட்கார்ந்து செதுக்கிச் சரிசெய்ய நேரம் இராது. பழுதான தொகுதியை அப்படியே எடுத்துவிட்டு, வேறொன்றை வைத்துப் பூட்டிவிடுவார்கள். பழையது பின்னால் உள்ள பட்டறைக்குச் செல்லும். மாற்று உறுப்பு வந்து சேராவிட்டால், நெடுநாள் வேலையுள்ள ஒரு டாங்கியிலிருந்து கழற்றி, உடனே ஓடக்கூடிய இரண்டு மூன்றுக்குப் போட நேரும். எதனைக் கைவிட்டு எவற்றைக் காப்பது என்பதுதான் மிகக் கடினமான முடிவு என்றார் அவர். பல வகுப்புகளுக்குச் சில ஆசிரியர்களைப் பங்கிட்ட எனக்கு அக்கஷ்டம் ஓரளவு விளங்கிற்று.

நிற்க. பாலைவனத்தின் வெப்பத்தைக் கண்டோம். இனிப் பனிமலைக்குச் செல்வோம். 1948-ஆம் ஆண்டு காஷ்மீரப் போரில், லடாக்குக்குச் செல்லும் வாயிலாகிய சோஜி லா கணவாயைப் பகைவர் பிடித்துக்கொண்டார்கள். அதன் உயரம் சுமார் 11,500 அடி. காலாட்படையின் தாக்குதல் பலிக்கவில்லை. அப்பொழுது மேஜர் ஜெனரல் திம்மய்யா டாங்கிகளை மேலே கொண்டுபோவது என்று துணிந்தார். நான் முன்னர்ச் சொன்ன, மதராஸ் குதிரைப்படையாகத் தொடங்கிய 7-ஆம் இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகளுக்கு அப்பணி வாய்த்தது. ஒவ்வொன்றும் 15 டன் அளவு எடையுள்ளது. வழியில் இருந்த பாலங்கள் அவ்வெடையைத் தாங்கா. எனவே டாங்கிகளின் மேற்கோபுரங்களைக் கழற்றி, பகைவர் அறியாவண்ணம் ஸ்ரீநகர் வழியே கொண்டு சென்று, பாலங்களில் வின்ச் கொண்டு இழுத்துக் கடத்தி, கணவாய்க்கு முன் மீண்டும் பூட்டினார்கள். கோவேறு கழுதைகள் மட்டும் சென்ற மலைப்பாதையை, மதராஸ் சாப்பர்கள் எனப்படும் நம் சென்னைப் பொறியாளர் படையின் இரண்டு கம்பெனிகள் வெட்டி அகலமாக்கின.

இங்கே நீங்கள் பௌதிக வகுப்பில் படித்தவற்றைச் சற்று நினைவுகூருங்கள். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். எஞ்சினுக்குக் காற்று குறைந்தால் வலிமையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். சமவெளிக்கென அளவிட்ட பெட்ரோல் அங்கே மிகுதியாகி, முழுதும் எரியாமல் கரும்புகையாகப் போகும். தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதற்குப் பதிலாகச் சுமார் 88 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே ஏற்றத்தில் ரேடியேட்டர் விரைவில் பொங்கும். அதே தண்ணீர் இரவில் உறைந்தால், பருத்து எஞ்சினின் இரும்பையே பிளந்துவிடும். எண்ணெய் தேன்போல் கெட்டியாகும். பாட்டரிக்குள் இரசாயன வினை மந்தமாகி, எஞ்சினைச் சுழற்றும் திறன் குன்றும். பகலில் கொதிப்பும் இரவில் உறைவுமாக, இரண்டுக்கும் இடையே இயந்திரத்தை உயிரோடு வைத்திருப்பதே அங்கு மெக்கானிக்கின் வேலை.

1948 நவம்பர் முதல் நாள் அந்த டாங்கிகள் பனிக்கிடையே கணவாய்க்குள் ஏறின. அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் வரும் என்று பகைவர் கனவிலும் கருதவில்லை. கணவாய் அன்றே மீட்கப்பட்டது. அம்மாதம் 24-ஆம் நாள் லடாக்கிலிருந்து வந்த படையுடன் கார்கிலில் தொடர்பு ஏற்பட்டது. இவ்வெற்றியைச் சொல்லும்போது தளபதியின் துணிவைச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கழற்றிய கோபுரம் மீண்டும் பொருந்தாமற் போயிருந்தால், காலையில் எஞ்சின் கிளம்பாமற் போயிருந்தால், அத்துணிவு அடிவாரத்திலேயே நின்றிருக்கும்.

மீட்பு வேலையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் என்னும் ஊரருகே பெரிய டாங்கிப் போர் நடந்தது. நம் படைகள் வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டன. அக்காலத்தில் மிகப் புதியனவாகிய பாட்டன் டாங்கிகள் பல அச்சேற்றில் சிக்கிக்கொண்டன; பல அழிந்தன, சில ஓடும் நிலையிலேயே விடப்பட்டன. பிக்கிவிண்டில் அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்தபோது அவ்விடத்துக்குப் 'பாட்டன் நகர்' என்றே பெயர் வந்தது. சேற்றில் நின்றவற்றை அங்கே இழுத்துச் சேர்ப்பது எளிய செயலன்று. சேறு டாங்கியின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டால், அதனை இழுக்க அதன் எடையையும் மிஞ்சிய விசை வேண்டியிருக்கும். மீட்பு வண்டியின் வின்ச் 25 டன் விசையில் இழுக்கும் என்று கொள்வோம். கம்பிவடத்தைச் சிக்கிய டாங்கியில் கட்டிய கப்பியைச் சுற்றித் திருப்பி, மீட்பு வண்டியிலேயே கட்டிவிட்டால், உராய்வு நீங்கலாக 50 டன் விசை கிடைக்கும். கிணற்றடியில் நாம் காணும் கப்பிதான். வைக்கும் இடமே வித்தை.

நேயர்களே, இக்கதை நம் வட்டாரத்துக்குத் தொலைவானதன்று. மண்ணூரிலிருந்து வடகிழக்கே சென்றால் ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் 1965 டிசம்பரில் இந்தியாவில் உருவான முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பின்னர் டி-72, டி-90 வகைகளும், ஆவடியிலேயே வடிவமைத்த அர்ஜுன் டாங்கியும் அங்கே செய்யப்பட்டன. ஆவடியில் பிறந்த ஒரு டாங்கி பல்லாண்டுகள் படையில் வாழ்கிறது. அதனைச் செய்தவர்கள் சில மாதங்களில் செய்து முடித்துவிடுகிறார்கள். எஞ்சிய ஆயுள் முழுவதும் அது பழுது பார்ப்பவரின் கையில்தான் இருக்கிறது. இன்று லடாக்கில், 14,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், நியோமாவுக்கும் தௌலத் பெக் ஓல்டிக்கும் அருகே டாங்கிகளைச் செப்பனிடும் நிலையங்களைப் படை அமைத்திருக்கிறது. சோஜி லாவில் கற்ற பாடம் அதனினும் உயரமான இடத்துக்கு ஏறியிருக்கிறது.

இனி என் இரண்டாம் பிழைக்கு வருகிறேன். 'பட்டறைக்குத்தான்' என்றேன். அந்தத் 'தான்' என்னும் இரண்டெழுத்தில் என் அறியாமை முழுவதும் அடங்கியிருந்தது. மூளையால் செய்வது உயர்ந்தது, கையால் செய்வது தாழ்ந்தது என்ற எண்ணம் என்னையும் அறியாமல் என் நாவில் இருந்தது. ஒரு பேருந்தின் ஓசையைக் கேட்டு அதன் உள்ளே எந்த உறுப்பு நோயுற்றது என்று சொல்லுவது கையின் வேலையா, மூளையின் வேலையா? அழுத்தமும் வெப்பமும் உராய்வும் கப்பியின் விதியும் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. நான் கரும்பலகையில் எழுதிய அதே பௌதிகத்தை, அவர் இருட்டில் கைத்தடவலாகச் செய்துகொண்டிருந்தார்.

உங்களில் சிலர் நாளை தொழிற்பயிற்சி நிலையத்துக்குச் செல்வீர்கள். சிலர் பாலிடெக்னிக்குக்கும் சிலர் பொறியியற் கல்லூரிக்கும் செல்வீர்கள். ஈ.எம்.ஈ. படையிலேயே சேர்ந்து, செகந்தராபாதிலோ வடோதராவிலோ உள்ள அதன் பயிற்சி நிலையங்களில் கற்போரும் இருக்கலாம். எங்குச் சென்றாலும், புதியதொன்றைச் செய்பவருக்குக் கிடைக்கும் புகழ், செய்ததைக் காத்து ஓட வைப்பவருக்குக் கிடைப்பதில்லை என்பதைக் காண்பீர்கள். ஓடுகிற வண்டியைப் பார்த்து, இதனை யார் செப்பனிட்டார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நின்றுபோனால்தான் கேட்கிறார்கள். அப்புகழ் இல்லாமலும் வேலையை இரண்டு முறை தொட்டுப் பார்க்கிற மனமே அத்தொழிலின் அறம்.

விடைபெறும்போது என் மாணவரிடம், அவர் தாயாரிடம் நான் அன்று சொன்னதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அம்மாவுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, ஐயா. கடைசி வரை, என் பிள்ளை பட்டறையில்தான் இருக்கிறான் என்றே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் மாற்றிச் சொல்லவில்லை" என்றார்.

அந்தத் தாய் இன்று இல்லை. ஆகவே திருத்திய வாக்கியத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன்: "அம்மா, உங்கள் பிள்ளை படையோடு போகிறான். படை நடப்பதற்கு அவனும் ஒரு காரணமாக இருப்பான்." மண்ணூர்ச் சாலையில் அதிகாலைப் பேருந்தில் ஏறும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது அவ்வாக்கியத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.